பல்லேகம பஸ்ஸும் முத்துவின் பறவையும்

மாத்தளையில் பஸ் ஏறியவுடனேயே கொப்பியைத் திறந்துவிட்டோம். முதல் வரி: காகம். இரண்டாவது வரி: காகம். மூன்றாவதும் காகம் என்றானபோது எங்களில் ஒருத்தி சட்டம் போட்டாள். "இப்படியே போனா பல்லேகம போறதுக்குள்ள கொப்பி முடிஞ்சிரும். ஒரு இனத்துக்கு ஒரு வரி போதும்."

கம்பஸில் எங்களோடு படிக்கிற சிங்கள நண்பன் ஒருவனின் வீட்டுக்குத்தான் அந்தப் பயணம். அவனுடைய ஊர் பல்லேகம. ரத்தோட்டை தாண்டி, ரிவர்ஸ்டன் உச்சி ஏறி, இலுக்கும்புர வழியாக மலைக்கு மறுபக்கம் இறங்க வேண்டும். நக்கிள்ஸ் என்று எல்லோரும் சொல்கிற தும்பர மலைத்தொடரை அந்த பஸ் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஐந்து பேருக்கு இரண்டு யன்னல் சீட், கடன் வாங்கிய ஒரு பைனாகுலர், ஒரு பறவைக் கையேடு. ரத்தோட்டை வரைக்கும் மைனா, செண்பகம், மீன்கொத்தி. ரிவர்ஸ்டனில் பனி மூடியதால் ஒன்றுமே தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். பிட்டவல பத்தனைப் புல்வெளி தாண்டி இறங்க இறங்க வெயில் வந்தது, வயல் வந்தது, கொக்கு வந்தது, ஆட்காட்டி வந்தது. ஒரே பஸ் டிக்கெட்டில் ஈரமலையும் பார்த்தாச்சு, உலர்நிலமும் பார்த்தாச்சு.

பறவை பார்ப்பதென்றால் விலை கூடிய கெமராவோடு சிங்கராஜாவுக்குப் போக வேண்டும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படியில்லை. இந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கிலாந்தின் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறது. செல்போர்ன் என்பது அதன் பெயர். அங்கே பாதிரியாராக இருந்த கில்பர்ட் வைட் தன் ஊரையும் அதைச் சுற்றியுள்ள வயல், தோப்பு, குளத்தையும் வருடக்கணக்காகப் பார்த்து எழுதினார். அது 1789இல் புத்தகமாக வந்தது. பார்க்க ஒரே மாதிரி இருந்த மூன்று சிறிய இலைக்கதிர்க்குருவிகள் வெவ்வேறு இனங்கள் என்பதை அவர் பாட்டைக் கேட்டுத்தான் பிரித்தார். தூர தேசத்துக்குப் போகவில்லை. தினமும் நடக்கிற பாதையில் காதைத் திறந்து வைத்தார், அவ்வளவுதான்.

ஆனால் அதே இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த பறவை ஆர்வம் துப்பாக்கியோடு வந்தது. இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை, அந்தக் காலத்து அறிவியலே அப்படித்தான். பறவையைச் சுட்டு, தோலை உரித்து, பதப்படுத்தி, அளந்து, பெயர் வைத்தால்தான் அது 'கண்டுபிடிப்பு'. இங்கிலாந்திலேயே எட்மண்ட் செலூஸ் என்பவர் சுடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்போம் என்று 'பறவை பார்த்தல்' என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதியது 1901இல்தான்.

எட்கர் லேயார்ட் 1846இல் இலங்கைக்கு வந்தார். நினிவே நகரத்தைத் தோண்டிப் புகழ்பெற்ற ஒஸ்டின் ஹென்றி லேயார்டின் தம்பி. இங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே பறவைகளைச் சேர்த்தார். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத்துக்கு இங்கேயிருந்து மாதிரிகள் போயின. அங்கிருந்து பெயர்கள் திரும்பி வந்தன. அந்தப் பெயர்களை வரலாற்று மாணவர்களாக வாசித்துப் பார்த்தால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.

இலங்கையில் மட்டுமே வாழ்கிற, கழுத்தில் மரகதப் பச்சை வளையம் போட்ட கிளி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அது லேயார்டின் கிளி. பிளைத் 1849இல் வைத்த விஞ்ஞானப் பெயரில் லேயார்டின் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. கணவருக்கு ஒரு பெயர், மனைவிக்கு ஒரு பெயர், கிளி ஒன்றுதான்.

அடுத்தது மலைநாட்டுக் காடுகளில் வாழும் இலங்கை மரப்புறா. பிளைத்தும், இலங்கையிலேயே பிறந்த மருத்துவர் கெலார்ட்டும் 1853இல் வெளியிட்ட பெயர் அதற்கு. 'டொரிங்டோனியே'. டொரிங்டன் சீமாட்டியின் பெயர். யார் அந்த டொரிங்டன்? மாத்தளைக்காரர்களிடம் கேட்கத் தேவையில்லை, பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை இராணுவச் சட்டம் போட்டு அடக்கிய தேசாதிபதி. புரன் அப்பு அந்த ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று புதிய வரிகள். கடைக்கு வரி, நாய்க்கு வரி, துப்பாக்கிக்கும் வரி. கிராமத்தான் வைத்திருந்த துப்பாக்கிக்கு வரி கேட்ட அதே ஆண்டுகளில், உத்தியோகத்தர்களின் துப்பாக்கிகள் பறவைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தன. டொரிங்டனை 1850இல் திருப்பி அழைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயர் புறாவின் மேல் ஏறி இன்றுவரைக்கும் எங்கள் மலைகளில் பறந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் வைத்து அந்த ஆட்கள் செய்த வேலையை ஒரேயடியாகத் தூக்கியெறிய நாங்கள் வரவில்லை. பீரங்கிப்படை அதிகாரி வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறு பெரிய உழைப்பு. கொழும்பு நூதனசாலையில் வேலை செய்த ஜீ. எம். ஹென்றி 1955இல் தன் கையாலேயே படம் வரைந்து வெளியிட்ட வழிகாட்டி, பல தலைமுறைகளுக்குப் பறவை காட்டிய புத்தகம். நாங்கள் பஸ்ஸில் கடந்து வந்த ரத்தோட்டைக்கு மேலே, கம்மடுவைப் பக்கத்துத் தோட்டத்தில் துரையாக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ்தான் 1935இல் இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய கைநூலை எழுதினார். இலங்கைப் பறவைகளின் பட்டியலையும் தயாரித்தார்.

எங்களை நிறுத்தியது வேறொரு விஷயம். லெக்கும் ஹென்றியும் ஆங்கிலப் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். அந்தத் தமிழ்ப் பெயர்கள் புத்தகத்துக்குள் தானாக நடந்து வரவில்லை. யாரோ ஒருவர் வரப்பில் நின்று, "ஐயா, இதுக்கு எங்கட ஊரில இப்படித்தான் சொல்லுவம்" என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த மரத்தில் எந்த நேரத்தில் எந்தப் பறவை வரும் என்று காட்டியிருக்க வேண்டும். துரைக்குத் தோட்டத்துப் பாதையைக் காட்டினவர்கள் யார்? மன்னார் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளை வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளாகவும் இருக்கலாம்தானே? புத்தகத்தில் பறவைக்குப் பெயர் உண்டு, துரைக்குப் பெயர் உண்டு. காட்டினவர்களுக்குப் பெயர் இல்லை.

ஒருவருக்கு மட்டும் இருக்கிறது.

கையேட்டில் ஈப்பிடிப்பான்கள் பக்கத்தைப் புரட்டும்போது முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தோம். மஸ்கிகாபா முத்துயி. லத்தீன் மாதிரி ஆரம்பித்து எங்கள் பக்கத்து வீட்டுப் பெயரில் முடிகிறதே!

அச்சுப்பிழை இல்லை. லேயார்ட் பருத்தித்துறையில் வேலை பார்த்த காலத்தில் அவரிடம் பணியாளாக இருந்தவர் முத்து. மார்பு மட்டும் மங்கிய பழுப்பாக, பெரிய கண்ணோடு இருக்கும் அந்தச் சின்னப் பறவை அங்கேதான் கிடைத்தது. லேயார்ட் 1854இல் அதை விவரித்தபோது, தன்னிடமிருக்கும் நல்ல மாதிரிகளில் பல இந்த மனிதரின் பொறுமையாலும் விடாமுயற்சியாலும் கிடைத்தவை என்று சொல்லி, அவர் பெயரையே பறவைக்கு வைத்தார். தேசாதிபதியின் மனைவிக்குக் கிடைத்த அதே மரியாதை பருத்தித்துறைப் பக்கத்து வேலையாள் ஒருவருக்கும் கிடைத்தது.

சந்தோஷப்பட்டோம், பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷம் இறங்கிவிட்டது. ஏனென்றால் அதே பறவைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு: லேயார்டின் ஈப்பிடிப்பான். உலகம் பேசுகிற பெயரில் எசமான், ஆய்வாளர் மட்டும் எழுதுகிற பெயரில் வேலையாள். லேயார்ட் பிறந்த ஊர், குடும்பம், பிறகு கேப்டவுனில் அருங்காட்சியகம் அமைத்தது எல்லாம் புத்தகங்களில் கிடக்கிறது. முத்துவுக்கு அந்த ஒரு சொல்தான்.

பல்லேகமவுக்கு வருவோம்.

எங்கள் நண்பனின் பழைய வீடு இப்போது இல்லை. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரமும் பக்கத்து வயல்களும் விடப்பட்டன. மக்களுக்கு மேட்டில் புது லக்கல நகரம் கட்டிக்கொடுத்தார்கள், 2018இல் திறந்தார்கள். அதே ஆண்டில் நீர்த்தேக்கத்தில் தண்ணீரும் நிறையத் தொடங்கியது. புது வீதி, புது பஸ் ஸ்டாண்ட், புது வீடு. அவனுடைய சீயா, அதாவது தாத்தா, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொப்பியைப் பார்த்ததும் என்னவென்று கேட்டார். பறவை எழுதுகிறோம் என்றதும் சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பாடம். சீயாவுக்குக் கண் அவ்வளவு தெரியாது. காதால் சொன்னார். வேலிப் பக்கம் கூட்டமாகக் கத்தியதை, "தெமலிச்சா" என்றார். எங்கள் ஐந்து பேரின் முகமும் ஒரு நொடி மாறிவிட்டது. அந்தப் பெயருக்குள் 'தெமழ' என்ற சத்தம் இருக்கிறதே! நண்பனுக்கும் விளங்கிவிட்டது, பாவம், காது சிவந்துவிட்டது. சீயா மட்டும் ஒன்றும் நடக்காதது போல அடுத்த பறவைக்குப் போய்விட்டார். எங்களில் யாழ்ப்பாணத்துக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடியே, இது எங்கட புலுனி!" தமிழ்நாட்டில் இதையே தவிட்டுக்குருவி என்கிறார்கள். ஒரே பறவை. ஏழெட்டாகச் சேர்ந்து திரியும், சேர்ந்து கத்தும், ஒன்றை விட்டு ஒன்று போகாது. பெயரில் வந்த சங்கடம் பறவையைப் பார்த்ததும் சிரிப்பாகிவிட்டது. சீயாவிடம் 'புலுனி' என்று சொல்லிக் கொடுத்தோம். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

பழைய வீட்டுப் பலாமரத்துக்கு இருவாட்சி வரும் என்றார். ஆற்றோரத்தில் காட்டுக்கோழி எந்தப் பக்கம் கூவும் என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் கை நீண்ட திசையில் இப்போது தண்ணீர்தான் இருக்கிறது. அதன் மேலே ஒரு செம்பருந்து வட்டமடித்தது, நீர்க்காகங்கள் வரிசையாகப் போயின. நஷ்டம் மட்டும்தான் என்று எழுதினால் அது உண்மையாகாது, புது நீருக்குப் புதுப் பறவைகள் வருகின்றன. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் எந்த விடியலில் எது கூவியது என்ற பட்டியல் சீயாவின் தலைக்குள்தான் இருக்கிறது. செல்போர்னுக்கு ஒரு கில்பர்ட் வைட் இருந்தார். பல்லேகமவுக்கும் ஒருவர் இருக்கிறார், அவர் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இலங்கையில் பறவை பார்ப்பது இப்போது துரைமார் விளையாட்டு இல்லை. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சரத் கொட்டகமவை மையமாகக் கொண்டு தொடங்கிய களப் பறவையியல் குழு எத்தனையோ மாணவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. தீபால் வரக்காகொட 1995இல் காட்டில் ஒரு புதிய குரலைக் கேட்டார், விடாமல் தேடினார், 2001இல் அந்தச் சின்ன ஆந்தையைக் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. அங்கேயும் முதலில் கண்டுபிடித்தது காதுதான். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிக்கொண்டே இருந்தார். வீட்டுப் பக்கத்துக் காகத்தையும் மைனாவையும் பற்றிக்கூட எழுதத் தயங்காத மனிதர்.

நம்மிடம் இல்லாதது பறவையும் இல்லை, அறிவும் இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு சீயா, ஒரு அம்மாச்சி, ஒரு பெரியப்பா இருக்கிறார். எங்களில் ஒருவனின் பாட்டி தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மழைக்கு முன் கத்துகிற பறவை ஒன்றைப் பற்றி அடிக்கடி சொல்வாராம். அவன் ஒருநாளும் அது எது என்று கேட்கவில்லை. பாட்டி போய் இரண்டு வருஷம். பஸ்ஸில் திரும்பி வரும்போது ரத்தோட்டைக்குக் கிட்ட வந்ததும் அதைச் சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் கொப்பியைத் திறக்கவில்லை.

திரும்புகிற அன்று காலை, நண்பன் வீட்டுக்குக் கீழே ஓடைக்கரை நிழலில் ஒரு சின்னப் பழுப்புப் பறவை தாழ்ந்த கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துவிட்டுப் பக்கத்துக் கிளையில் அமர்ந்தது. வடகிழக்கு இந்தியாவிலும் தென் சீனாவிலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்கு எங்களிடம் வருகிற முத்துவின் பறவையா, இல்லை அதைப்போலவே இருக்கும் ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானா என்று பெரிய வாக்குவாதம். மூன்றுக்கு இரண்டு என்று முத்து வென்றார். கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினோம்.

அந்தக் கொப்பியில் இப்போது ஒரு புதிய பத்தி கோடு போட்டிருக்கிறோம். பறவை, இடம், நேரம், அதற்குப் பக்கத்தில் 'காட்டியவர்'. பல்லேகமப் பக்கத்தில் பதினொரு வரிகளுக்கு நேராக ஒரே பெயர் இருக்கிறது, முழுப் பெயர், அவரிடம் கேட்டு எழுதினது. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கொப்பி இருக்கும். கேட்க வேண்டியவர் இருக்கும்போதே கோடு போடுங்கள்.