ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம்: பெர்த் – கொக்கல

இடையில் எங்கும் இறங்காமல் அதிக நேரம் பறந்த பயணிகள் விமானம் எது? சிங்கப்பூர் – நியூயார்க் என்றுதான் பலரும் சொல்வார்கள். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், உண்மைதான். ஆனால் நேரத்தில் அதைத் தாண்டிய சேவை ஒன்று 1943-லேயே நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு. தூரம் சுமார் 5,650 கி.மீ.தான். பயண நேரம் 27 முதல் 33 மணி!

போருக்கு முன்பு ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் போகும் விமானங்கள் சிங்கப்பூர் வழியாகத் தாவித் தாவிப் போகும். 1935-ல் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆனது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதமே ஜாவாவும் அந்தமானும் போயின. வழி அடைபட்டது. மிச்சமிருந்தது நடுவில் இறங்க இடமே இல்லாத இந்தியப் பெருங்கடல்.

குவாண்டாஸ் நிறுவனம் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. விமானம் கேடலினா, தண்ணீரில் இறங்கும் ரகம். வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. (நம்மூர் ரயிலைவிடக் கொஞ்சம்தான் வேகம்.) அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் வேண்டுமே? உள்ளே கூடுதல் டாங்குகளை வைத்தார்கள், குளிர் தடுக்கும் உறையைக்கூடக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். அத்தனையும் செய்து மிஞ்சியது மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம்.

வணிகவியல் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தக் கணக்கேட்டில் எழுதினாலும் இது சுத்த நஷ்டம். ஆனால் அந்த 69 கிலோவில்தான் போர்க்காலத்தின் முக்கியமான கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. அதற்கு என்ன விலை போடுவது?

ஆபத்து சாதாரணமில்லை. புறப்பட்ட முதல் சில மணி நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றால், அந்தப் பாரத்தோடு மற்றொன்றால் தாங்க முடியாது. விமானத்தில் துப்பாக்கி கிடையாது. ஜப்பானிய விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் வகுத்தார்கள். ரேடியோவில் பேச்சு கூடாது, எனவே நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை. விமானங்களுக்கு வைத்த பெயர்களும் வேகா, ரைஜல், ஸ்பைகா என்று நட்சத்திரப் பெயர்களே. வழியில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். அதைப் பார்த்த பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழும் உண்டு!

1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்திருக்கிறார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. சிட்னி – லண்டன் நேரடி விமானத்துக்கான திட்டத்தை 2017-ல் அறிவித்த குவாண்டாஸ், அதற்கு ‘சன்ரைஸ்’ என்று பெயர் வைத்தது இவற்றின் நினைவாகத்தான்.

அந்த ஐந்து கேடலினாக்களில் ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் பார்க்கலாம் என்று தேடாதீர்கள். அமெரிக்காவின் கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தவை அவை. போர் முடிந்ததும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.