கொண்டதும் ஆண்டதும்: கடாரம் பற்றிய எழுத்துச் சான்றுகளில் கூற்றும் சூழலும்

முன்னுரை

“இராசேந்திர சோழன் கடாரத்தைக் கைப்பற்றி ஆண்டான்.” நம் நாட்டில் தமிழ் பயிலும் மாணவர்களின் கட்டுரைகளிலும் விழா மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இவ்வாக்கியம் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றுவிடுகிறது. இதில் இரண்டு வினைகள் உள்ளன. முதல் வினைக்குச் சோழர் காலத்து எழுத்துச் சான்று உண்டு. இரண்டாம் வினைக்கு அத்தகைய சான்று இல்லை. முதலாவதற்குரிய சான்றே இரண்டாவதற்கும் சான்றாகக் காட்டப்படுவதுதான் சிக்கல். ஓர் எழுத்துச் சான்று கூறுவது உண்மையா பொய்யா என்று கேட்பதற்கு முன், அது எவ்வகைக் கூற்று, யாரை நோக்கி, எச்சூழலில் கூறப்பட்டது என்று கேட்கும் பழக்கம் வரலாற்றுக் கல்வியில் வேரூன்றவில்லை. கடாரம் பற்றிய சான்றுகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே கல்லில் இருவகைக் கூற்றுகள்

கடல் கடந்த படையெடுப்பை விரிவாகக் கூறுவது ‘திருமன்னி வளர’ எனத் தொடங்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியாகும். அதன் முழு வடிவத்தைத் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள, அவனது 19ஆம் ஆட்சியாண்டுக் (கி.பி. 1030-31) கல்வெட்டில் காணலாம். அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தியமை, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை யானைகளோடு அகப்படுத்தியமை, அவனது செல்வக் குவியலையும் வித்தியாதர தோரணத்தையும் கவர்ந்தமை ஆகியவற்றைக் கூறி, ஸ்ரீவிசயம் முதல் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களை அது அடுக்கிச் செல்கிறது.

இக்கல்வெட்டை மேற்கோள் காட்டுவோருள் பெரும்பாலோர் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகின்றனர். ஆனால், அக்கல்வெட்டு பொறிக்கப்பட்டது கடாரத்தைப் பற்றிக் கூறுவதற்காக அன்று. கோயிலைச் சார்ந்த சைவ ஆசாரியர் சர்வசிவ பண்டிதருக்கும் அவர்தம் மாணாக்கர் வழியினருக்கும் ஆண்டுதோறும் 2,000 கலம் நெல் அளிக்க வேண்டும் என்னும் அரச ஆணையைப் பதிவு செய்வதற்காகவே அது பொறிக்கப்பட்டது. கடாரம் அந்த ஆணையின் முகப்பில் அமைந்த புகழுரையில் வருகிறது.

ஆக, ஒரே கல்லில் இருவகைக் கூற்றுகள் உள்ளன. நெல் பற்றிய கூற்று பொய்யாயின் அதனால் இழப்புறுவோர் உளர். பண்டாரத்திலிருந்து அளப்போரும் பெறுவோரும் அதனைச் சரிபார்ப்பர். மலையூரின் அரண் எத்தகையது, இலங்காசோகம் எத்துணை வீரம் செறிந்தது என்பவற்றைத் தஞ்சையில் சரிபார்க்கும் தேவை எவருக்கும் இல்லை. இவ்விடங்களுக்குச் சூட்டப்படும் அடைமொழிகள் பெரும்பாலும் புலவன் செய்யுள் ஓசைக்கும் பெருமிதத்திற்கும் ஏற்பத் தேர்ந்தவை. அவற்றை நில இயல் விவரங்களாகக் கொண்டு ஊர்களைத் தேடிப் புறப்பட்டவர்களும் உண்டு.

அதற்காகப் புகழுரை முழுவதையும் புனைவென ஒதுக்குவதும் பொருந்தாது. மெய்க்கீர்த்தியின் உள்ளடக்கம் புகழுரையாயினும், அதன் வளர்ச்சி நிருவாகம் சார்ந்தது. ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகள் அதில் சேர்க்கப்பட்டன. கடல் கடந்த படையெடுப்பைப் பற்றிய பகுதி 14ஆம் ஆட்சியாண்டளவில் வந்து சேர்கிறது. அப்படையெடுப்பை 1025ஆம் ஆண்டை ஒட்டி வைப்பதற்கு இதுவே அடிப்படை. இக்காலக் குறிப்பு எந்தப் புலவனும் சொல்ல நினைத்த செய்தியன்று. பல ஊர்க் கல்வெட்டுகளை ஆண்டு முறைப்படி வைத்து ஒப்பிடும்போது தானாகவே வெளிப்படுவது. சொல்ல நினைத்ததைக் காட்டிலும் சொல்ல நினையாமலே வெளிப்பட்டதற்கு மதிப்பு மிகுதி என்பது என் கருத்து.

திருவாலங்காட்டுச் செப்பேடுகளிலும் இவ்வாறே நிகழ்கிறது. அதன் தமிழ்ப் பகுதி இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில் வழங்கிய கொடையைக் குறிக்கிறது. வடமொழிப் பகுதியோ, அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த கடார வெற்றியையும் சுருக்கமாகச் சுட்டுகிறது. எனவே வடமொழிப் பகுதி பின்னர் இயற்றப்பட்டது என்பது தெளிவு. ஒரு செப்பேட்டுத் தொகுதிக்கு ஒரே காலம் என்று எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

‘கொண்ட’ என்னும் வினை

இனி, சிக்கலின் மையத்திற்கு வருவோம். சோழர் கல்வெட்டுகளில் வெற்றியைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் வினை ‘கொள்’ என்பதாகும். முதலாம் பராந்தகன் (907-955) ‘மதுரை கொண்ட’ என்றும், பின்னர் ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ என்றும் அழைக்கப்பட்டான். பாண்டிய நாட்டில் அவனது ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டுகள் கிடைப்பதால், மதுரையைக் கொண்டது ஆட்சியாகவும் அமைந்தது எனலாம். ஈழத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. பாண்டியன் அங்கே விட்டுச் சென்ற முடியை அவனால் மீட்க இயலவில்லை. அம்முடியைக் கவர்ந்த செய்தி இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியிலேதான் வருகிறது. ஒரே விருதுப்பெயரில், ஒரே வினையின் கீழ், இருவேறு நிலைமைகள் அடங்கியுள்ளன.

இராசேந்திரனுக்குரிய சொற்றொடர் இதனினும் தெளிவானது. அவன் கங்கையும் கடாரமும் ‘கொண்ட’வன். கங்கைச் சமவெளியைச் சோழர் ஆண்டனர் என்று எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதுவதில்லை. படை சென்று வென்று கங்கை நீரைக் கொணர்ந்தது. சோழகங்கம் என்னும் ஏரி அவ்வெற்றியின் நினைவாக அமைந்தது. ஒரே தொடரில், ஒரே வினையோடு இணைந்த இரு பெயர்களுள் ஒன்றைப் படையெடுப்பு என்றும் மற்றொன்றைப் பேரரசின் மாநிலம் என்றும் பொருள் கொள்ள இலக்கணம் இடம் தருகிறதா? தமிழாசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோழர் உண்மையிலேயே ஆண்ட ஒரு கடல் கடந்த நிலம் எத்தகைய சான்றுகளை விட்டுச் செல்லும் என்பதற்கு இலங்கையே எடுத்துக்காட்டு. பொலன்னறுவை ‘ஜனநாதமங்கலம்’ எனப் பெயர் பெற்றது; ஈழம் ‘மும்முடிச்சோழ மண்டலம்’ ஆயிற்று; சோழ மன்னரின் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டுகள் அங்குள்ள கோயிற் சுவர்களில் உள்ளன. பகைவர் தரப்பு நூலாகிய மகாவம்சமும் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டதை ஒப்புக்கொள்கிறது. தனக்கு இழிவு தரும் செய்தியை ஒரு நூல் ஒப்புக்கொள்ளும்போது அதன் சான்று வலிமை பன்மடங்காகிறது. கெடாவிலோ மலாய்த் தீபகற்பத்தின் பிற பகுதிகளிலோ சோழ மன்னன் ஒருவனின் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. மெய்க்கீர்த்தியும், அரசனை அகப்படுத்திச் செல்வத்தைக் கவர்ந்ததைக் கூறுகிறதேயன்றி, அங்கு அதிகாரிகளை அமர்த்தியதாகவோ இறை விதித்ததாகவோ கூறவில்லை. ‘ஆண்டான்’ என்பது பின்னாளில் நாம் சேர்த்த வினை.

சூழல் தவறினால் ஊரும் தவறும்

சூழலை விட்டுச் சொல்லை மட்டும் பற்றினால் எங்கே சென்று சேர்வோம் என்பதற்கு ஆய்வு வரலாற்றிலேயே சான்று உண்டு. தஞ்சைக் கல்வெட்டை முதலில் பதிப்பித்த ஹுல்ட்ஸ், கடாரத்தைப் பாண்டிய நாட்டுப் பகுதியிலேயே தேடினார். பின்னர் அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து, மாப்பப்பாளம் என்பதற்கு ஒத்த பெயருடைய துறைமுகத்தை மகாவம்சம் பர்மாவில் வைப்பதால், கடாரமும் பர்மாவுக்குச் சென்றது. பெகுவில் கிடைத்த இரு கருங்கல் தூண்கள் சோழனின் வெற்றித் தூண்களாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது. பாங்கா தீவின் கோத்தா காப்பூர் கல்வெட்டில் (கி.பி. 686) வரும் ‘ஸ்ரீவிசய’ என்பதை, ஹென்ட்ரிக் கெர்ன் ஓர் அரசனின் பெயராகவே கொண்டார்.

இவ்வறிஞர்கள் எவரும் எழுத்தைப் பிழையாகப் படித்தவர்கள் அல்லர். ஒவ்வொரு சான்றையும் தனித்தனியே படித்ததுதான் குறை. 1918இல் ஜார்ஜ் செதெஸ் சோழர் சான்றுகளையும் மலாய்க் கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் ஒருங்கே வைத்து நோக்கியபோது, ஸ்ரீவிசயம் பலெம்பாங்கை நடுவாகக் கொண்ட அரசு என்பதும், கடாரம் கெடா என்பதும் துலங்கின. அதன்பின் இலாமுரிதேசம் வட சுமத்திராவுக்கும், மாதமாலிங்கம் இன்றைய நக்கோன் சி தம்மராட் பகுதிக்கும், மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகளுக்கும் உரிய இடத்தில் சென்று அமர்ந்தன.

பிடி நடந்த எல்லை

இருபத்தொரு ஏடுகளைக் கொண்ட ஆனைமங்கலச் செப்பேடு, நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருந்தமையால் பெரிய லெய்டன் செப்பேடு எனப்படுகிறது. நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. வகுப்பறையில் கூற்றுவகைகளை விளக்க இதனினும் சிறந்த ஆவணத்தை நான் கண்டதில்லை.

வடமொழிப் பகுதியில் விகாரம் பொன்மலையையும் விஞ்சும் உயரமுடையது. அதனை எடுத்த மாரவிசயோத்துங்கவர்மன் சைலேந்திர குலத்தவன், ஸ்ரீவிசயத்துக்கும் கடாகத்துக்கும் தலைவன். தமிழ்ப் பகுதியில் அவன் வெறும் கடாரத்து அரையன். அங்கே பொன்மலைக்கு இடமில்லை. பெண்யானையை நடத்தி ஊரின் எல்லையைச் சுற்றி வந்த செயலும், அண்டை ஊர்களின் பெயர்களும், 8,943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல் வருவாயும் இடம்பெறுகின்றன. எல்லையில் ஒரு வாய்க்கால் பிசகினால் அண்டை ஊரார் வழக்காடுவர். ஆகவே தமிழ்ப் பகுதியின் ஒவ்வொரு சொல்லும் வழக்குக்கு அஞ்சி எழுதப்பட்டது. விகாரம் அப்போதுதான் எழுப்பப்பட்டுக்கொண்டிருந்தது என்பதும் தமிழ்ப் பகுதியில் அதனைக் குறிக்கும் நிகழ்காலப் பெயரெச்சத்தால் தெரியவருகிறது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் வரலாற்றுக்கு அளிக்கக்கூடிய பங்கு இது.

அரசனின் பெயர் இரு பகுதிகளிலும் வேறுபடுவதை முரண்பாடு என்று கொள்ள வேண்டியதில்லை. தமிழகத்துக் கணக்கர்க்கு அவன் கப்பல்கள் புறப்பட்டு வந்த துறையின் பெயரால் அறிமுகமானவன். வடமொழிப் புலவனுக்கோ அவனது குலமும் முழு அரசும் தேவைப்பட்டன.

மறுதரப்பின் கூற்றுகள்

1025க்குப் பின் நிகழ்ந்தவற்றையும் நோக்குவோம். மூன்றே ஆண்டுகளில், 1028இல், ஸ்ரீவிசயத்துத் தூதர்கள் சீனத்தின் சோங் அரசவைக்குச் சென்றனர். வீரராசேந்திரன் (1063-1070) தன் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், அடைக்கலம் வேண்டி வந்த அரசனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே திருப்பியளித்ததாகக் கூறுகிறான். முன்பே ஆட்சிக்குட்பட்டிருந்த நாட்டை மீண்டும் வெல்ல வேண்டிய தேவை என்ன? 1090இல் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேடு, கடாரத்து அரசன் விடுத்த தூதர் இருவரின் வேண்டுகோளின்படி நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததைக் குறிக்கிறது. இது வேண்டுகோளும் இசைவும் கலந்த ஆவணம். புகழுரையின் வேகம் இதில் இல்லை.

சீனத்தில் எழுதப்பட்டது இதனினும் வியப்புக்குரியது. 1106இல் பகான் நாட்டுத் தூதர்களை எம்முறையில் வரவேற்பது என்ற வினா எழுந்தபோது, சோழ நாடு சான்ஃபோச்சிக்கு, அதாவது ஸ்ரீவிசயத்துக்கு, அடங்கியது என்றும், ஆதலால் அந்நாட்டு அரசனுக்குத் தடித்த தாளில் மடல் எழுதியதே போதுமானதாக இருந்தது என்றும் சோங் அரசவையின் சடங்கு அதிகாரிகள் தெரிவித்தனர். தஞ்சையில் கடாரம் சோழருக்குத் தோற்றது. சீனத்திலோ சோழர் கடாரத்தவர்க்கு அடங்கியவர். இச்சீனக் குறிப்பைத் தமிழர் பலர் நகைத்து ஒதுக்குகின்றனர். ஆனால், அதுவும் மெய்க்கீர்த்தியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை: தொலைவில் உள்ளோர் சரிபார்க்க இயலாத தரவரிசைக் கூற்றுகள். ஒன்றை ஐயுற்று மற்றொன்றை அப்படியே ஏற்பது முறையன்று.

சுமத்திராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, எனக் காலம் குறிக்கும் அது ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினருடையது. கப்பல் தலைவன் உள்ளிட்டோர் கத்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாகத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதே அதன் செய்தி. சோழ மன்னனின் பெயரோ ஆட்சியாண்டோ அதில் இல்லை. உடைந்த அக்கல்லை நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் பதிப்பித்தார், பின்னர் எ. சுப்பராயலு மீளப் படித்துத் தெளிவாக்கினார். இக்கடற்பரப்பில் தமிழரின் இருப்பை அறிய விழைவோர் கடார வெற்றியைவிட இக்கல்லுக்கே முதலிடம் தர வேண்டும் என்பேன். இதில் பெருமிதம் இல்லை. நாள்தோறும் நடந்த தொழில் இருக்கிறது.

வகுப்பறையில் ஒரு நூல்

‘செஜாரா மெலாயு’வில் வரும் ராஜா சூரானை இராசேந்திர சோழனாகக் கொண்டு, கங்கா நகரம் வீழ்ந்த கதையைக் கடாரப் படையெடுப்புக்கு மலாய்ச் சான்றாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே நிலவுகிறது. 1612ஆம் ஆண்டைக் குறிக்கும் முன்னுரையுடைய அந்நூல், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதே கதையில், ராஜா சூரான் சீனத்தை நோக்கிப் புறப்படும்போது, துருப்பிடித்த ஊசிகளும் பல்லில்லாக் கிழவர்களும் கனி தரும் மரங்களும் ஏற்றிய பழங்கப்பல் ஒன்று எதிரே வருகிறது. அக்கிழவர்கள் இளமையில் புறப்பட்டதாகவும், இரும்புத் தூண்கள் ஊசிகளாகத் தேய்ந்ததாகவும் கூற, சீனம் மிகத் தொலைவு என்று நம்பி ராஜா சூரான் திரும்பிவிடுகிறான். பின்னர்க் கடலடி நாட்டிற்குச் சென்று அங்கு ஓர் இளவரசியை மணக்கிறான்.

கோட்டை வீழ்ந்ததை வரலாறு என எடுத்துக்கொண்டு, ஊசிக் கப்பலையும் கடலடித் திருமணத்தையும் விட்டுவிடுவதற்கு நாம் எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறோம் என்று மாணவரைக் கேட்கலாம். அந்நூலின் நோக்கில் மூன்றும் ஒரே தொடர்ச்சியில் அமைந்தவை. கடலடித் திருமணத்தின் வழித்தோன்றல்களே பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங்கில் தோன்றும் இளவரசர்கள். மலாக்கா அரசர்களின் மரபு அவர்களிடமிருந்து தொடங்குகிறது. ராஜா சூரானை அந்நூல் கொண்டுவருவது, மலாக்கா அரச குலத்திற்கு இஸ்கந்தர் வரை நீளும் ஒரு முன்னோர் வரிசையை அமைப்பதற்காகும்.