தப்பும் ராப்பும்: மலையகப் பாட்டின் உரிமை வரலாறு

கைப்பேசி வந்தபின் மலையக இளைஞர் கேட்கும் பாட்டு பெரிதும் மாறிவிட்டது. எந்தத் திரைப்படத்துக்கும் சொந்தமாகாமல், பாடுபவரே எழுதித் தனித்து வெளியிடும் ராப் பாடல்களும், அதன் கிளையாகிய ட்ராப் பாடல்களும் இன்று லயத்து வாசலிலும் பேருந்திலும் ஒலிக்கின்றன. புதிய பாட்டொன்று வெளிவந்த செய்தி சென்னையிலும் தெமோதரையிலும் ஒரே நாளில் பரவிவிடுகிறது. எம்போன்ற ஆசிரியர்களிடையே இதுபற்றி இருவகைக் கருத்து உண்டு. இது அமெரிக்காவிலிருந்து வந்த அந்நிய இரைச்சல் என்பார் ஒரு சாரார். வாலிபத்தின் வேகம், தானே தணியும் என்பார் மறு சாரார். இரண்டுமே வரலாற்றை நோக்காது சொல்லப்படுபவை என்பது எமது துணிபு. உழைக்கும் மக்களின் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பழைய வினா, இப்பாடல்களின் வாயிலாக மீண்டும் எம்முன் வந்து நிற்கிறது.

முதலில் அந்நியம் எனப்படுவதன் பிறப்பை நோக்குவோம். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூயோர்க் நகரின் புரோங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்ற இளைஞர், தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். இரண்டு தட்டுகளை மாறி மாறி ஓட்டி, பாட்டின் நடுவே பறையொலி மட்டும் தனித்து நிற்கும் சிறு பகுதியை நீட்டிக்கொண்டே போவது அவர் கண்ட முறை. வாத்தியம் வாங்கவோ இசை பயிலவோ வசதியற்ற கறுப்பின, புவர்த்தோ ரிக்க இளைஞர் அவ்வொலியின் மேல் தம் வாழ்வைப் பேசினர். பெருஞ்சாலை பிளந்து, வீடுகள் எரிந்து, வேலையற்றுக் கிடந்த பகுதி அது. அந்நிலையை 1982இல் வெளிவந்த 'த மெசேஜ்' என்ற பாட்டு உலகறியச் செய்தது.

ட்ராப் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில், அற்லான்டா நகரில் வளர்ந்த வகை. அச்சொல்லுக்குப் பொறி என்பது பொருள். போதைப்பொருள் விற்கும் வீட்டை அங்குள்ளோர் அவ்வாறு அழைத்தனர். அதில் அகப்பட்டோர் மீள்வது அரிது என்ற அறிவு அப்பெயரிலேயே உண்டு. இவ்வகைக்குரிய ஆழ்ந்த முழவொலி, 1980இல் ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த 808 எனும் இயந்திரத்திலிருந்து பிறந்தது. சந்தையில் அது தோற்றது. 1983இல் அதன் உற்பத்தியும் நின்றது. பின் பழைய பொருளாகக் குறைந்த விலைக்கு வந்தபோது ஏழை இளைஞர் கைக்கு அது எட்டியது. செல்வர் கழித்ததை வறியவர் கருவியாக்கிக்கொண்டமை இவ்விசையின் வரலாறெங்கும் காணப்படும் உண்மையாகும்.

எமது மலைகளில் இதற்கு ஒப்பானவை இல்லையா? உண்டு. தோட்டத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பு. திருவிழாவிலும் சாவிலும் ஒலித்ததும் அதே தப்பு. துரைத்தனம் வேலை வாங்கப் பயன்படுத்திய கருவியிலேயே மக்கள் தம் துயரையும் களிப்பையும் அடித்தனர். காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து, நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டி மோதும் லாவணி தமிழர் மரபில் உண்டு. காமன் கூத்து எமது தோட்டங்களில் இன்றும் ஆடப்படுகிறது. ராப் பாடகர் இருவர் மேடையில் சொல்லால் மோதுவதைக் கண்டு எமது முதியோர் வியக்க வேண்டியதில்லை.

தனித்த வெளியீடு என்பதற்கும் இங்கு முன்னோடி உண்டு. கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டந்தோறும் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டு நூலை 1940இல் வெளியிட்டார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டில் புதிய அரசியற் சொற்களை அமைப்பது அவர் முறை. பழைய இசைத்தட்டின் துண்டை எடுத்து அதன்மேல் புதுச்சொல் ஏற்றும் ராப் முறையும் அடிப்படையில் இதுவே. அதே 1940இல்தான் முல்லோயாவில் கோவிந்தன் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். பதுளைக்கு அருகே வேவஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. அக்காலத்தில் பாட்டுப் புத்தகம் கேளிக்கைப் பொருள் மட்டுமன்று. எழுத்தறியாதவருக்கு அதுவே துண்டுப்பிரசுரம். நாம் இங்கு குறிக்க விரும்புவது வேறொன்று: அந்நூலில் மீனாட்சியம்மாளின் பெயர் இருந்தது. வயலிலும் மலையிலும் பாடிய எண்ணற்ற பெண்களுக்கோ அப்பேறு கிட்டவில்லை. அவர்கள் பாட்டு 'நாட்டார் பாடல்' என்ற பொதுப்பெயரில் ஏடேறியது; பாடியவர் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை.

பாட்டுக்கு உரியவரையே நாடு கடத்திய காலமும் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை இரு கூறாக்கியது. அம்மக்களிடம் எவரும் விருப்பத்தைக் கேட்டு இக்கணக்கைப் போடவில்லை. 1924இல் பதுளையை எட்டிய இதே இருப்புப்பாதையில், தெமோதரை போன்ற நிலையங்களில் ஏறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தனர். வழியனுப்ப வந்தோரும் புறப்பட்டோரும் கதறிய அவ்வண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தனர்.

அவ்வாறு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர்களுள் ஒருவர் வள்ளியம்மாள். அவருடைய பேரன்தான் அரக்கோணத்தைச் சேர்ந்த ராப் கவிஞர் அறிவு. பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி, 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் பாடினார். 2019இல் 'தெருக்குரல்' என்ற தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச் 7இல், சந்தோஷ் நாராயணன் இசையில், பாடகி தீயுடன் அவர் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியும் ஒருபிடி நிலம் பெறாத மூதாதையரின் கதை அதில் உண்டு. ஒப்பாரியின் குரல் உண்டு. காட்சியில் வள்ளியம்மாளும் உண்டு. அழுகைக் கோச்சியில் போன ஒரு தலைமுறையின் குரல், பேரன் வாயிலாக உலகெங்கும் கேட்டது.

ஆனால் அதன்பின் நடந்ததை நாம் ஊன்றி நோக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு, தீயையும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலையும் அட்டையில் இட்டது. அறிவு அதில் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனி அட்டை வந்தது. 2022 சூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அவரின்றிப் பாடப்பட்டது. பாட்டை ஆக்கியதில் தம் பங்கு என்ன என்பதை அறிவு பொதுவில் எழுதினார். அது மூவரின் கூட்டு ஆக்கம் என்று மற்றவர் விளக்கினர். 2024 மார்ச்சிலோ, இப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று இசையமைப்பாளரே பகிரங்கமாகக் கூறினார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் நிலை இது. மூவரிடையே யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்வது எமது வேலையன்று. நிலமற்றவர்க்காகப் பாடிய பாட்டுக்குள்ளேயே பெயருக்கும் கூலிக்கும் வழக்கு எழுந்தது என்பதே எமது கவலை. திரைப்படக் கம்பனியை விட்டு விலகிய மாத்திரத்தில் பாட்டு சுதந்திரமடைந்துவிடாது. வெளியிடும் மேடையும் ஒப்பந்தமும் யார் கையில் உள்ளன என்பதே அதைத் தீர்மானிக்கும். அறிவு பின்னர் ஆக்கிய தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். அப்பாட்டியின் பெயரை இனி எவரும் அட்டையிலிருந்து நீக்க முடியாது.

தனித்து வரும் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று நாம் வாதிடவில்லை. காரையும் சங்கிலியையும் காட்டிப் பெருமை பேசுவதும், பெண்ணைப் பொருளாகக் காண்பதும் இவ்வகையில் மலிந்து கிடக்கின்றன. பொறியைப் பாடவந்த இசையே புதிய பொறியாவதும் உண்டு. தோட்டத்து இளைஞனின் வேலையின்மையை விட்டு அற்லான்டாக்காரனின் உடையை மட்டும் எடுத்துக்கொள்ளும் பாட்டால் எமக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் மலேசியத் தோட்டத் தமிழர் வழிவந்த சமூகத்திலிருந்து யோகி பி குழுவினர் 2006இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்து, தமிழ் இவ்வோசைக்கு ஏற்ற மொழியே என்று மெய்ப்பித்தனர். எமது மலைகளிலும் அது இயலும்.

ஆசிரியராகிய எமக்கு இதில் கடமை உண்டு. மாணவன் மேசையில் தட்டிப் பாடுவதை ஒழுங்கீனம் என்று அடக்குமுன், அதில் என்ன சொல்கிறான் என்று கேட்போம். அவனுடைய பாட்டியிடம் எஞ்சியிருக்கும் தாலாட்டையும் ஒப்பாரியையும் அவனையே எழுதிவரச் செய்வோம். எழுதிய தாளின் தலையில் பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் கட்டாயம் இடம்பெறட்டும். பாட்டை வெளியிடும் வயது வரும்போது, எதில் கையொப்பமிடுகிறோம் என்று படித்தறியவும் அவனுக்குக் கற்பிப்போம். கைந்நாட்டு வைத்தே கடல் கடந்து வந்த ஒரு மக்களின் பிள்ளைகளுக்கு இது மிகத் தேவையான பாடமாகும்.