நீதிமன்றத் தமிழ்: சொற்கள் வந்த வழி

மதுரையில் கோவலன் கொலையுண்டது வழக்கு நடந்தபின் அன்று. பொற்கொல்லன் சாட்டிய பழியே தீர்ப்பாயிற்று. கண்ணகி அரசவையில் வழக்குரைத்தது அவன் மாண்ட பின்னரே. குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு என்னும் உண்மையைச் சிலப்பதிகாரம் இவ்வாறு ஓர் உயிரின் விலையில் உணர்த்துகின்றது. அவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே குற்றவழக்கு நடைமுறை முழுவதும் ஆகும்.

வழக்கு, சான்று, ஆவணம், பிணை என்பன தமிழில் நெடுங்காலம் வழங்கிவரும் சொற்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணம், திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மீது தொடுக்கப்பட்ட வழக்கை விரித்துரைக்கின்றது. நடைமுறை வழக்கமாகிய ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், அயலார் கண்டு கூறும் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றேனும் காட்டுமாறு அவையோர் வினவுகின்றனர். கிழிக்கப்பட்டது படியோலையே எனக் கூறி, வழக்குத் தொடுத்த முதியவர் மூலவோலையைக் காட்டுகின்றார். கையெழுத்தும் ஒப்புநோக்கப்படுகின்றது. மூலம், படி என்னும் வேறுபாடு இன்றைய நீதிமன்றத்திற்கும் உரியதேயாம்.

பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியிலும் கும்பினி ஆட்சியிலும் அரபு, பாரசீகச் சொற்கள் மன்றம் ஏறின. வக்கீல், முன்சீபு, அமீனா, தாவா, ஜப்தி, ஜாமீன், கைதி என்பன அவ்வழி வந்தவை. முன்சீபு என்பதற்கு நீதி செய்பவர் என்பது பொருள். மக்களுக்கு அச்சமூட்டிய அமீனாவோ, சொற்பொருளால் நம்பிக்கைக்குரியவர்!

1862ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வாண்டே தோன்றியது. அதே ஆண்டில், முன்சீபாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். 1879இல் வெளிவந்த தம் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ புதினத்திலும், தமிழர் வழக்கை ஆங்கிலத்தில் வாதிடும் முறையைக் கண்டித்தார். தன் வழக்கு தனக்கே விளங்காமல் நிற்பவனின் துயரை அவர் கண்கூடாக அறிந்தவர்.

கீழமை நீதிமன்றங்களில் இன்று தமிழ் வழங்குகின்றது. எனினும் சொற்களின் எல்லை பலர்க்கும் தெளிவாகவில்லை. முதல் தகவல் அறிக்கை என்பது குற்றம் நடந்ததாகக் கிடைத்த செய்தியின் பதிவு மட்டுமே. குற்றப்பத்திரிகை என்பது புலனாய்வின் முடிவில் காவல்துறை அளிப்பது. அதனை ஆராய்ந்து குற்றச்சாட்டு வனைவது நீதிமன்றம். அதற்குப் போதிய அடிப்படை இல்லையெனில் விசாரணைக்கு முன்னரே அளிக்கப்படுவது விடுவிப்பு. விசாரணை முடிந்து குற்றம் மெய்ப்பிக்கப்படாதபோது வழங்கப்படுவது விடுதலை. பிணையில் வந்தவர் விடுதலை பெற்றவர் அல்லர். பிணை மறுக்கப்பட்டவர் குற்றவாளியும் அல்லர். காவல்துறையினரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு பொதுவாக எவர்மீதும் குற்றத்தை மெய்ப்பிக்க இயலாது. 2024 சூலை 1 முதல் சட்டங்களின் பெயர்கள் மாறின, இவ்வேறுபாடுகள் மாறவில்லை.

ஆயினும் கைதான அன்றே ஒருவரைக் குற்றவாளி என எழுதுவதும் பேசுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. சொல்லை நிறுத்து வழங்கும் பொறுப்பு வழக்குரைஞர்க்கு மட்டும் உரியதன்று; புலவர்க்கும் உரியது. ஒரு சொல் பிழைத்ததன் விளைவைப் பாடிய மொழி நம்முடையது.