தொக்கணமும் தொழிலுரிமையும்

பாலாற்று நீரைத் தேக்கி நிற்கும் பேத்தமங்களா ஏரியைத் தங்கவயல் தமிழர் எவரும் மறவார். சுரங்கக் குடியிருப்புகளின் தாகத்தைத் தணித்தது அந்நீரே. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கால்வைத்து, 2001-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில், வட ஆர்க்காட்டினின்றும் சேலத்தினின்றும் சென்ற நம்மவர் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி உழைத்தனர். அத்தகைய உழைப்பாளியின் இடுப்பும் தோளும் நாடுவது தேர்ந்த கையொன்றை. அது தேர்ந்த கைதான் என்பதற்குச் சான்று யாது?

சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகளை 32 என வகுத்து, உடலைப் பிடித்துவிடும் முறையைத் தொக்கணம் என்றது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக அது 9 வகைப்படும். ஆசானின் அருகிருந்து கற்பதே பயிற்சி. அவர் சொல்லே சான்றிதழ். ஊருக்குள் அது போதும். ஊர்விட்டு ஊர் சென்ற மாணாக்கனை அங்கே அறிவார் யார்?

இவ்வினாவை மேனாட்டாரும் எதிர்ப்பட்டனர். லண்டனில் இத்தொழிலின் பெயரால் இழிசெயல்கள் நிகழவே, 1894-இல் செவிலியர் நால்வர் ஒரு சங்கம் கண்டனர். தேர்வு நடத்திச் சான்றிதழ் அளித்தனர்; மருத்துவர் சொற்படியே பணி செய்தல் வேண்டும் என விதித்தனர். 1920-இல் அரச சாசனம் பெற்ற அச்சங்கம், 1944-இல் இயன்முறை மருத்துவச் சங்கமாயிற்று.

சென்னை மாகாணத்தில் 1914-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் மேனாட்டு மருத்துவம் பயின்றோரையே கருதியது. நாட்டு வைத்தியத்தை ஆராய 1921-இல் உஸ்மான் குழு அமைந்தது. 1923-இல் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி எழுந்தது. குழுவின் செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி அதன் முதல்வரானார். அன்றைய மைசூர் மாநிலமும் 1961-இல் சித்தம் உள்ளிட்ட முறைகளுக்குப் பதிவுச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1970-இல் வந்தது.

பரம்பரை அறிவு மட்டும் மருத்துவம் செய்ய உரிமை தராது என 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இயன்முறை மருத்துவரையும் பதிவின்கீழ்க் கொணர்ந்தது.

முறிந்த எலும்பைப் பிசைந்துவிடும் அறியாத கையினின்று நோயாளியைக் காப்பது சட்டத்தின் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும், ஏட்டில் ஏறாத கைத்திறன் முதியவரோடு மறையுமாயின் இழப்பு நமதே. அயல்நாடு புக்க அன்பர்களே! மருத்துவரின் பதிவைக் கேட்டறியுங்கள். உங்கள் இல்லத்து முதியவர் அறிந்ததை எழுதிவைத்து, இளையோரை முறையான கல்லூரிக்கு அனுப்புங்கள். கைத்திறனும் சான்றிதழும் ஒருவரிடமே சேரட்டும்.