ஐரிஷ் சட்டமும் ஸ்ரீரங்கத்து ஜன்னலும்

ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதிகளில் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பி நம் ஜன்னலை மறைத்தால், வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஜன்னல் எத்தனை வருஷமா இருக்கு?" 20 வருஷம் தடையில்லாமல் வெளிச்சத்தை அனுபவித்திருந்தால் அது உரிமையாகிவிடும். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. முதலில் அது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய மூன்றுக்கு மட்டுமே போடப்பட்ட சட்டம். அப்போது வைசிராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினர் விட்லி ஸ்டோக்ஸ் (1830–1909). அந்தச் சட்டத்தின் வரைவிலும் அவர் கை உண்டு.

ஆனால் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அவரைத் தெரிந்தது வேறு காரணத்துக்காக. பழைய ஐரிஷ் மொழியில் அவர் பெரிய புலி.

டப்ளின்காரர். அப்பா வில்லியம் ஸ்டோக்ஸ் பிரபல டாக்டர். 'செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம்' என்று மருத்துவப் புத்தகத்தில் வருகிறதே, அந்த ஸ்டோக்ஸ்தான். குடும்ப நண்பர்களான ஜான் ஓ'டோனவனும் யூஜின் ஓ'கரியும் அயர்லாந்தின் பழஞ்சட்டச் சுவடிகளைப் படியெடுத்து மொழிபெயர்த்தவர்கள். 1861, 1862-ல் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். 1862-ல் ஸ்டோக்ஸ் வக்கீலாகச் சென்னைக்குக் கப்பலேறினார். ஓ'டோனவன் விட்டுப்போன கோர்மக் அகராதி மொழிபெயர்ப்பைத் திருத்தி, 1868-ல் கல்கத்தாவில் அச்சிட்டார். பகலில் இந்தியச் சட்டம், மிச்ச நேரத்தில் ஐரிஷ்!

நம்மைத் தொடும் விஷயம் இதற்கு முன்பே நடந்தது. 1865-ல் சென்னையில் 'இந்து சட்ட நூல்கள்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். மிதாக்ஷரா, தாயபாகம் முதலியவற்றுக்குக் கோல்புரூக் போன்றவர்கள் முன்பே செய்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் அதில் இருந்தன. சமஸ்கிருதம் தெரியாத நீதிபதிக்கு ரொம்ப வசதி. ஆனால் மதுரையில் பணியாற்றிய ஜே. எச். நெல்சன் 1877-ல் சண்டைக்கு வந்தார். தமிழ்நாட்டுப் பெரும்பாலான சாதியாரின் வழக்கத்தில் இல்லாத நூல்களை அவர்கள் தலையில் கட்டுகிறீர்களே என்பது அவர் வாதம்.

அதே ஸ்டோக்ஸ் 73 வயதில், 1903-ல், பழைய ஐரிஷ் சட்டங்களுக்கு அட்கின்சன் தயாரித்த சொல்லடைவைப் பிரித்து மேய்ந்தார். தப்பாகப் பொருள் சொன்ன இடங்களை வரிசையாக எடுத்துக்காட்டினார். சட்டத்தில் ஒரு சொல் பிசகினால் ஒருவர் உரிமையே பிசகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கறார் 1865-ல் நம் ஜனங்களின் வழக்கத்துக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆனால் பழியை ஸ்டோக்ஸ் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதியாகவே வந்துவிட்டன. காணி, இறையிலி, திருவிடையாட்டம்: ஒவ்வொன்றும் ஓர் உரிமையின் பெயர். 'நிலம்', 'தானம்' என்று ஒற்றைச் சொல்லில் தாண்டிப் போகிறோமே, அங்கே யாருடைய உரிமை விட்டுப்போகிறது என்று நாம்தான் பார்க்கணும்.