குடிகாரர்கள் என்று நினைத்தார்கள்

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் சீரியஸ். மூளையைக் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கிற ஒரு பரம்பரை நோயோட ஜீனை எப்படிப் பிடிச்சாங்கங்கிற கதை. விஞ்ஞானிகளோட பேரு எல்லா இடத்துலயும் இருக்கு. ரத்தம் கொடுத்தவங்களைப் பத்தித்தான் யாரும் அதிகம் பேசறதில்லை.

1968, லாஸ் ஏஞ்சலஸ். காலை நேரம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்த லியோனோர் வெக்ஸ்லர் என்ற பெண்மணியை ஒரு போலீஸ்காரர் பிடித்துத் திட்டினார். காலங்கார்த்தாலயே குடிச்சிட்டு வர்றியே, வெக்கமா இல்லையான்னு. லியோனோர் குடிக்கவில்லை. நடை தள்ளாடியது, அவ்வளவுதான். டாக்டரிடம் போனதும் விஷயம் தெரிந்தது: ஹன்டிங்டன் நோய். அவருடைய அப்பாவும் சகோதரர்கள் மூன்று பேரும் அதே நோயில் போனவர்கள்.

1872ல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க டாக்டர் விவரித்த நோய் இது. பெரும்பாலும் 30, 40 வயதுக்கு மேல்தான் ஆரம்பிக்கும். கை கால் தானாக ஆடும், பேச்சு குழறும், புத்தி மங்கும். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. பூவா தலையா கதைதான். கொடுமை என்னன்னா, நோய் தெரியறதுக்குள்ள கல்யாணம் ஆகி குழந்தையும் பிறந்திருக்கும்.

லியோனோருக்கு ரெண்டு மகள்கள். இளையவர் நான்சிக்கு அப்போ 23 வயசு. படித்தது உளவியல், மரபியல் இல்லை. ஆனாலும் இறங்கிட்டாங்க.

இங்கேருந்து கதை வெனிசுலாவுக்குப் போகுது. மரகைபோ ஏரிக்கரை மீனவ கிராமங்களில், தெருவில் தள்ளாடுகிறவர்களைப் பார்த்து 1950களில் அமெரிக்கோ நெக்ரெட்டே என்ற உள்ளூர் டாக்டரும் குடிகாரர்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஊர்க்காரங்கதான் சொல்லியிருக்காங்க, அது குடி இல்லை, 'எல் மால்'னு. கெட்ட நோய்னு வெச்சுக்கலாம். அது ஹன்டிங்டன்னு கண்டுபிடிச்சவர் நெக்ரெட்டே. 1972ல் ஓஹையோவில் நடந்த மாநாட்டில் அவருடைய மாணவர் அந்த நோயாளிகளைப் படமாகக் காட்ட, உலகம் திரும்பிப் பார்த்தது.

நான்சி 1979ல் அங்கே போனார். 1981லிருந்து வருஷா வருஷம் ஒரு குழுவோடு. சில வீடுகள் தண்ணிக்கு மேல கம்பு நட்டுக் கட்டினவை. வீடு வீடாப் போய் வம்சாவளி எழுதினாங்க. அது வளர்ந்து 18,000 பேரைத் தாண்டியது. ரத்த மாதிரிகள் மட்டும் 4,000க்கு மேல்.

சும்மா யாராவது ரத்தம் கொடுப்பாங்களா? அமெரிக்காக்காரங்களுக்கு எங்க ரத்தம் எதுக்குன்னு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதானே? அப்போ குழுவில் இருந்த ஒரு நர்ஸ், நான்சி கையைப் பிடிச்சு இழுத்து, ஆராய்ச்சிக்காக அவங்களும் தோல் வெட்டிக் கொடுத்த தழும்பைக் காட்டினாராம். இவங்க அம்மாவுக்கும் இதே நோய்தான்னு. அப்புறம்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது.

அந்த ரத்தத்தை வைத்து 1983ல் ஜேம்ஸ் குசெல்லா குழு, ஜீன் 4வது குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது. எந்த ஜீன், என்ன வேலை செய்யுதுன்னு எதுவும் தெரியாமலே, டிஎன்ஏ அடையாளங்களை மட்டும் வெச்சு ஒரு நோயோட விலாசத்தைக் கண்டுபிடிச்ச முன்னோடி வேலை. மத்த நோய்களைத் தேடினவங்களுக்கும் அது பாதை போட்டது. தெரு தெரிஞ்சாச்சு, கதவு எண் கிடைக்க இன்னும் பத்து வருஷம். 1993 மார்ச்சில் ஆறு குழுக்களைச் சேர்ந்த 58 பேர் ஜீனைப் பிடித்தார்கள். அதில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. 35 முறை வரை பிரச்சினை இல்லை. 40ம் அதற்கு மேலும் போனால், முழு ஆயுசு வாழ்கிறவருக்கு நோய் அநேகமா நிச்சயம். ரிக்கார்டு ஒரே இடத்துல சிக்கின மாதிரி.

நான்சி டெஸ்ட் எடுத்தாரா? பல வருஷம் வாயே திறக்கவில்லை. 2020ல்தான், தனக்கும் நோய் இருப்பதை வெளியே சொன்னார். அம்மா 1978லேயே போய்விட்டார்.

சரி, அந்த மீனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1999ல் மரகைபோவில் அவர்களுக்காக ஒரு பராமரிப்பு இல்லம் திறந்தார்கள். பிற்பாடு பணமில்லாமல் அதையும் மூட வேண்டியதாயிற்று. கை கால் ஆட்டத்தைக் குறைக்கிற மாத்திரைக்கு 2008ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழுசாக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. இன்னிக்கு உலகத்துல எந்த மூலையில யாரு இந்த டெஸ்ட் எடுத்தாலும், அந்த ஏரிக்கரை ஜனங்களுக்கு ஒரு பங்கு கடன்பட்டிருக்காங்க. நாளைக்கு மருந்து வந்தா முதல் பாட்டில் எந்த ஊருக்குப் போகணும்னு என்னைக் கேட்டா, யோசிக்கவே மாட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்கோ, வரலாறு படிக்கிற கிறுக்கு மட்டும்தான்.